பாதி பிரஷ்ஷின் எடை

பல் துலக்கும் பிரஷ் ஒன்றின் எடை நூற்றுத் தொண்ணூற்றாறு கிராம். கைப்பிடியைப் பாதியாக வெட்டினால் நூற்று எண்பத்தொன்பது. அதாவது, பிரஷ்ஷின் எடை முழுவதும் அதன் தலையில்தான் இருக்கிறது.

இதை என் டைரியில் அடிக்கோடிட்டு எழுதி வைத்திருக்கிறேன். அந்தப் பக்கத்தைப் புரட்டும்போதெல்லாம் காது சூடாகிறது. ஆனாலும் கிழிக்கவில்லை. அளவெடுத்த குறிப்பை அழிக்கக் கூடாது, தவறென்றால் ஒரே ஒரு கோடு போட்டு விட்டுவிட வேண்டும் என்பது எங்கள் மாலை வகுப்பின் முதல் விதி. கோடும் இன்னும் போடவில்லை.

பகலில் எனக்கு ஒரு பார்சல் அலுவலகத்தில் கவுண்டர் வேலை. மாலை ஏழிலிருந்து ஒன்பது வரை நில அளவையும் வரைபடமும் படிக்கிறேன். அக்கா ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்பவள். அவளுக்கு நாட்டின் அந்தக் கோடியில், கடலோர ஊர் ஒன்றில் புது வேலை கிடைத்தது. இங்கிருந்து இரண்டாயிரத்து முந்நூறு கிலோமீட்டர். பைக்கிலேயே போய்ச் சேரப் போவதாகச் சாப்பாட்டு மேசையில், உப்பு எடுத்துத் தரச் சொல்லும் குரலில் சொன்னாள். அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். தனியாகவா என்று கேட்டாள். அக்கா என் பக்கம் திரும்பினாள்.

“நீயும் வாடி. பின்னாடி உக்காந்துக்கோ. வர்றப்ப ரயில்ல வந்துடு.”

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க ஒன்றுமில்லை. அதுவரை நகரப் பேருந்தின் கடைசி நிறுத்தத்தைத் தாண்டி நான் எங்கும் போனதில்லை. அக்கா போய்விட்டால் எங்கள் அறையில் ஒரு கட்டில் காலியாகிவிடும். அதற்கு முன் ஒன்பது நாள் அவள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து போக வேண்டும் என்பதைத் தவிர அந்த ஆண்டு எனக்கு வேறு ஆசை இருக்கவில்லை. ஆசையை நேராகச் சொல்லும் வழக்கம் எனக்கு இல்லாததால், வழித்திட்டத்தையும் மூட்டை கட்டுவதையும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

அக்காவிடம் ஏற்கெனவே ஒரு திட்டம் இருந்தது. “மேற்கே போய்க்கிட்டே இருக்கணும். கடல் வந்தா நிறுத்தணும். வேற என்ன?”

வேறு நிறைய இருந்தது. பாதையை ஒன்பது நாளாகப் பிரித்தேன். எந்த நாளும் முந்நூறு கிலோமீட்டரைத் தாண்டவில்லை. எந்த இரண்டு பெட்ரோல் பங்குகளுக்கும் இடையே பாதி டேங்குக்கு மேல் செலவாகவில்லை. ஒவ்வொரு நாளும் வெயில் சாய்வதற்குள் ஊர் சேர்ந்துவிடுவோம். இதையெல்லாம் உள்ளங்கை அகலத்தில் பதினோரு மீட்டர் நீளக் காகிதச் சுருளாக வரைந்தேன். அதில் பாதை எப்போதும் நேராகத்தான் போகும். கிளைச் சாலைகளும் பாலங்களும் தண்ணீர்த் தொட்டிகளும் பக்கவாட்டில் வரும். ஓரத்தில் நேரம் எழுதியிருக்கும். சுருளை ஒரு மரப்பெட்டிக்குள் இரண்டு உருளைகளில் மாட்டினேன். பின்னால் இருப்பவர் பெட்டியை மடியில் வைத்து இரு கைகளாலும் உருளைகளைத் திருப்பிக்கொண்டே வர வேண்டும். இடது தோளில் ஒரு தட்டு என்றால் இடப்பக்கம் திரும்பு. வலது தோளில் என்றால் வலப்பக்கம். முதுகில் இரண்டு தட்டு என்றால் நிறுத்து, தவறிவிட்டோம். போனே வழி சொல்லுமே என்று அம்மா கேட்டாள். மலையில் சிக்னல் இருக்காது என்றேன். உண்மைதான். ஆனால் சிக்னல் இருந்திருந்தாலும் வரைந்திருப்பேன்.

அடுத்தது எடை. பைக்கைப் பார்க்கும் மெக்கானிக்கைத் தெருவே நட்டு அண்ணன் என்றுதான் கூப்பிடும். அவர் பின்சக்கர ஷாக் அப்சார்பரை அமுக்கிப் பார்த்தார். இன்னொரு முறை அமுக்கினார். உதட்டைப் பிதுக்கினார். ஆளும் மூட்டையும் பெட்டியும் எல்லாம் சேர்த்து நூற்றைம்பது கிலோ, அதற்கு மேல் ஒரு கிலோ ஏற்றினாலும் மலை ஏற்றத்தில் நின்றுகொண்டு தனக்குப் போன் செய்யக் கூடாது என்றார். மாற்று ஷாக் வர ஆறு வாரம் ஆகும். அக்கா வேலையில் சேர மூன்று வாரம்தான் இருந்தது.

எடை என்றால் எனக்குக் கவலையில்லை. எங்கள் அலுவலகத்தில் இரண்டு தராசுகள் உண்டு. பெரிய மூட்டைகளுக்குத் தரையில் ஒன்று. சின்னப் பார்சல்களுக்குக் கவுண்டரில் ஒன்று. ஆறு மணிக்குக் கவுண்டரை மூடினால் வகுப்புக்கு ஒரு மணி நேரம் இருக்கும். மேலாளரிடம் அனுமதி கேட்டேன். தராசு தேயாத வரை சரி என்றார்.

முதல் நாள் அக்காவை வரவழைத்து, ஹெல்மெட்டும் ஷூவும் மாட்டிய கோலத்தில் தரைத் தராசில் ஏற்றினேன். தன் மேல் முகவரிச் சீட்டையும் ஒட்டிவிடும்படி சொன்னாள். அவள் அறுபத்தொன்று. நான் ஐம்பத்திரண்டு. பைக்கின் பக்கப் பெட்டிகளும் கம்பிகளும் பதினொன்று. அவளுடைய லென்ஸ் பெட்டி ஆறரை. அதில் இருநூற்றுச் சொச்சம் பரிசோதனைக் கண்ணாடிகள் இருந்தன. அது இல்லாமல் அவளுக்கு வேலை இல்லை. மிச்சம் இருந்தது பத்தொன்பதரை கிலோ.

சின்னச் சாமான்களைக் கவுண்டர் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்தேன். உருண்டையான பார்சல் கீழே விழாமலிருக்க, எனக்கு முன்பு அங்கே இருந்தவர் தராசின் மேல் ஒரு நீல பிளாஸ்டிக் தொட்டியை ஒட்டி வைத்திருந்தார். கம்ப்யூட்டரை அணைத்த பிறகும் தராசின் சொந்தத் திரையில் எண் தெரியும். ஒன்றும் வைக்காவிட்டால் அதுவும் அணைந்துவிடும். பொருளைத் தொட்டியில் போட்டதும் விழித்துக்கொள்ளும். எண்ணைப் பார்ப்பேன், எழுதுவேன், அடுத்ததைப் போடுவேன். அறுபத்துநான்கு பொருள்களுக்கு முப்பது கிலோ இருநூறு கிராம் வந்தது.

அந்தப் பட்டியலில் என்னைத் திகைக்க வைத்தவை சின்னப் பொருள்கள்தான். ஒரு தேக்கரண்டி இருநூற்றுப் பத்து கிராம். சீப்பு இருநூறு. காலுறை ஜோடி இருநூற்றிருபது. மழைக்கோட்டெல்லாம் நியாயமாக நடந்துகொண்டது, சீப்புதான் ஏமாற்றியது. கையில் வைத்துப் பார்த்தால் லேசாகத்தான் இருந்தது. ஆனால் கை பொய் சொல்லும், கருவி சொல்லாது என்று வகுப்பில் படித்திருக்கிறேன். ஆகவே கையை நம்பவில்லை.

வெட்டத் தொடங்கினேன். பன்னிரண்டு பொருள்களை முழுதாக நீக்கினேன். அக்காவின் தலையணை, மடக்கு முக்காலி, காது உடைந்த பெரிய மக் எல்லாம் போயின. பைக்கின் கைப்பிடியில் போனை மாட்டும் கொக்கி முந்நூற்றுப் பத்து கிராம். பதினோரு மீட்டர் சுருள் இருக்கும்போது அது எதற்கு? அதுவும் போனது. மிச்சம் இருந்தவற்றைச் சிறிதாக்கினேன். பிரஷ்களின் கைப்பிடியை அறுத்தேன். சீப்பை இரண்டாக ஒடித்தேன். சோப்பைப் பாதியாக வெட்டினேன். முழுச் சோப்பு இருநூற்றெண்பது இருந்தது, பாதி இருநூற்று முப்பது வந்தது. பாதியாக்கினால் பாதி குறைய வேண்டாமா? கத்தி கோணலாகப் போயிருக்கும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். எனக்கு எப்போதும் என் மேல்தான் சந்தேகம் வரும். இது நல்ல குணம் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

எண்களைத் தவறாகப் படிக்கிறேனோ என்றுகூடத் தோன்றியது. அக்காவிடம் சொன்னேன். அவள் லென்ஸ் பெட்டியைத் திறந்து, லென்ஸ்களைச் செருகும் கனத்த சட்டத்தை என் மூக்கில் மாட்டி, அரைமணி நேரம் சுவரில் இருந்த எழுத்துகளைப் படிக்க வைத்தாள்.

“கண்ணு கழுகு மாதிரி இருக்கு” என்றாள். “கோளாறு அதுக்குப் பின்னாடி. அதுக்கு இந்தப் பெட்டியில லென்ஸ் இல்ல.”

வெட்டிய தன் பிரஷ்ஷை மட்டும் அவள் இரண்டு விரல்களால் தூக்கிப் பிடித்தாள். பிறகு, இதை வாயில் வைத்தால் விரலையும் சேர்த்துத் துலக்க வேண்டியிருக்கும் என்றாள்.

கடைசிப் பட்டியலில் ஐம்பத்திரண்டு பொருள்கள் இருந்தன. இருபத்தாறு கிலோ தொள்ளாயிரம். இன்னும் ஏழு கிலோ நானூறு கிராம் அதிகம். வெட்ட ஒன்றும் பாக்கியில்லை. இரண்டு நாள் அந்தப் பட்டியலை மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் படித்தேன். மூன்றாம் நாள், பட்டியலில் இல்லாத ஒரு பொருள் கண்ணில் பட்டது. ஐம்பத்திரண்டு கிலோ. மொத்தச் சுமையில் மூன்றில் ஒரு பங்கு. அதற்குப் பைக் ஓட்டத் தெரியாது. கண் பரிசோதிக்கத் தெரியாது. அதை இறக்கிவிட்டால், அதற்காக எடுத்துப் போகும் துணிமணியும் கூடவே இறங்கிவிடும்.

நியாயமாக நடந்துகொள்ள வேண்டும் என்று, அதையும் வரிசை எண் போட்டு எழுதி, அக்காவிடம் காட்டினேன். அவள் படித்துவிட்டு நோட்டை என் மேல் எறிந்தாள்.

“போடி. தராசு என்ன சாமியா? ஏழு கிலோ கூட இருந்தா பைக் படுத்துக்குமா?”

நட்டு அண்ணனிடம் கேட்போம் என்றேன். ஏழு கிலோதானே, பரவாயில்லை என்று அவர் சொல்வார் என்பது என் உள்மனக் கணக்கு. அவர் கையைத் துடைத்துக்கொண்டு, நோட்டை வெளிச்சத்தில் பிடித்து, ஒரு கிராம் விடாமல் படித்தார். இத்தனை சுத்தமாக எழுதிய கணக்கைத் தன் கடையில் இதுவரை பார்த்ததில்லை என்றார். இவ்வளவு சரியாக நிறுத்த பிறகும் ஏழு கிலோ அதிகம் என்றால், சின்னவள் இறங்கிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம் என்றார். குத்துமதிப்பாக எழுதிப் போயிருந்தால் அவரும் குத்துமதிப்பாகச் சரி என்றிருப்பார்.

திரும்பி வந்தோம். வீட்டு வாசலில் அக்கா, “உனக்கு வர இஷ்டமில்லைன்னா நேரா சொல்லியிருக்கலாம்ல? இதுக்கு எதுக்குடி என் சீப்பை உடைச்சே?” என்றாள். இஷ்டம்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் உள்ளே போய்விட்டாள். நான் நோட்டைத் திறந்து கூட்டலை மறுபடி சரிபார்த்தேன். சரியாக இருந்தது.

அலுவலகத்தில் என் விடுமுறையை ரத்து செய்யும்படி கடிதம் கொடுத்தேன்.

கிளம்பும் நாள் காலை ஆறு மணிக்குத் தெருவில் நின்றோம். என் எடை இறங்கியதும் நான் நீக்கியதில் பெரும்பகுதி திரும்ப ஏறியிருந்தது. என் இடத்தில் அக்காவின் தலையணை பிளாஸ்டிக் உறை போட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. அதன் பக்கத்தில் முக்காலி. ஏதோ உருண்டையான ஒன்றின் மேல் துணி சுற்றிக் கட்டியிருந்தது. சுருள் பெட்டியை டேங்கின் மேல் கட்டிக் கொடுத்து, நிறுத்தி நிறுத்தித் திருப்பிக்கொள்ளும்படி சொன்னேன். அம்மா என்னைப் பார்த்தாள், தலையணையைப் பார்த்தாள். அக்கா கையை மட்டும் தூக்கிக் காட்டிவிட்டுப் போனாள்.

நான் வேலைக்குப் போனேன். ஒன்பது நாற்பதுக்கு, இப்போது நீளமான பாலத்தைத் தாண்டியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். பத்தரைக்கு டீ. பதினொன்றுக்குச் சற்று முன் கம்ப்யூட்டர் நின்றுவிட்டது. வரிசையில் முதலில் நின்றவர் ஒரே ஒரு வீட்டுச் சாவியை மெல்லிய உறையில் போட்டு அனுப்ப வந்திருந்தார். அவசரம் என்றார். சரி, தராசைப் பார்த்துக் கையால் எழுதித் தருகிறேன் என்று உறையைத் தொட்டியில் போட்டேன். இருநூறு கிராம் காட்டியது.

“சாவிக்கா?” என்றார் அவர். “இதுல வீட்டையே வச்சு அனுப்புறேன்னு நினைச்சீங்களா?”

பக்கத்துக் கவுண்டர்காரர் எட்டிப் பார்த்து, தொட்டியின் எடை நூற்றெண்பதைக் கழித்துக்கொள்ளச் சொன்னார். கம்ப்யூட்டர் இருந்தால் அதுவே கழித்துவிடும். இல்லாவிட்டால் நாம்தான் கழிக்க வேண்டும். இதுகூடத் தெரியாதா என்றார்.

தெரியாது. நான் இத்தனை மாதமும் கம்ப்யூட்டரைத்தான் பார்த்து வந்திருக்கிறேன். என் சாமான்களை நிறுத்தபோது மட்டும்தான் தராசைப் பார்த்தேன். சாவிக்காரரை அனுப்பிவிட்டு, ரசீதின் பின்புறம் கணக்குப் போட்டேன். ஐம்பத்திரண்டு பொருள்கள். ஐம்பத்திரண்டு முறை அந்த நீலத் தொட்டி. ஒன்பது கிலோ முந்நூற்றறுபது கிராம். எங்கள் மூட்டை ஏழு கிலோ நானூறு அதிகமாக இருக்கவில்லை. ஏறக்குறைய இரண்டு கிலோ குறைவாகவே இருந்தது. தலையணைக்கும் இடம் இருந்தது. எல்லாவற்றையும் ஒரு பையில் திணித்து ஒரே முறை தொப்பென்று போட்டிருந்தால், ஒரு சோம்பேறி செய்வதைப் போல, பிழை நூற்றெண்பது கிராமோடு முடிந்திருக்கும்.

அக்காவைக் கூப்பிடலாமா என்று யோசித்தேன். நூற்றறுபது கிலோமீட்டர் போயிருப்பாள். சொல்லி என்ன ஆகப் போகிறது? சொல்லாமல் இருந்தால் அவளுக்கு நான் வர இஷ்டமில்லாதவள், சொன்னால் முட்டாள். எது மேல் என்று இரண்டு பத்திகளில் எழுதிப் பார்க்கலாம் என நினைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அவள்தான்.

“எங்க இருக்கே, அக்கா?”

“அதைத்தான் உங்கிட்ட கேக்கலாம்னு கூப்பிட்டேன்.”

முதல் ரவுண்டானாவிலேயே சுருள் சிக்கிக்கொண்டதாம். உருளையைத் திருப்ப இரண்டு கை வேண்டும், பைக்குக்கும் இரண்டு கை வேண்டும். நிறுத்தித் திருப்பியபோது மூன்றாம் நாள் வந்துவிட்டது. மூன்றாம் நாளின்படி கொஞ்ச தூரம் போயிருக்கிறாள். போனை மாட்டக் கொக்கி இல்லை. சட்டைப் பைக்குள் இருந்து அது சொன்ன வழி காற்றில் கேட்கவில்லை. ஆட்களிடம் கேட்டால் ஆளுக்கொரு திசை காட்டினார்கள். இப்போது ஒரு பெட்ரோல் பங்கில் நிற்கிறாள். எதிரில் ஒரு தண்ணீர்த் தொட்டி, அதற்குப் பாதி வரைதான் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள்.

அந்தத் தொட்டியின் உயரத்தை நான் அளந்திருக்கிறேன். போன மாதம் வகுப்பில் எங்களைக் கூட்டிப்போய் அளக்க வைத்தார்கள். நகரப் பேருந்தின் கடைசி நிறுத்தத்துக்குப் பக்கத்தில், எங்கள் வீட்டிலிருந்து பதினான்கு கிலோமீட்டர். ஐந்து மணி நேரத்தில் அவள் அவ்வளவு தூரம் வந்திருந்தாள்.

சிரிக்கவில்லை. முதலில் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். தராசு, நீலத் தொட்டி, கம்ப்யூட்டர், நூற்றெண்பது, ஐம்பத்திரண்டு. மறுமுனையில் யாரோ சக்கரத்துக்குக் காற்றடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

“அப்ப என் பிரஷ்ஷை வெட்டினது?”

“வெட்டியிருக்க வேண்டாம்.”

“சீப்பு?”

“அதுவும்.”

“நீ?”

“நானும்தான். எனக்கு வர இஷ்டம்கா. முதல் நாள்லருந்தே இஷ்டம்.”

காற்றடிக்கும் சத்தம் நின்றது. பிறகு, “இதைச் சொல்ல உனக்கு ரெண்டு தராசு வேண்டியிருக்கு” என்றாள். “கிளம்பி வா. இந்த டப்பாவைத் திருப்ப எனக்கு ஆள் வேணும்.”

மேலாளரிடம் போனேன். ரத்து செய்த விடுமுறையை மறுபடி ரத்து செய்ய முடியுமா என்று கேட்டேன். அவர் மேசையில் இருந்த கோப்பைப் புரட்டினார். என் கடிதம் அங்கேயே, அடியில் இருந்தது. இன்னும் மேலே போகவில்லை என்றார். ஆக, அலுவலகப் பதிவுப்படி நான் காலையிலிருந்து விடுமுறையில்தான் இருக்கிறேன். விடுமுறையில் இருப்பவர் கவுண்டருக்குள் இருப்பது விதிப்படி தவறு என்று சொல்லிவிட்டு, கடிதத்தைக் கிழித்தார். வாழ்க்கையில் ஒரு கோப்பு தாமதமானதற்காக நான் நன்றி சொன்னது அதுதான் முதல் தடவை.

வீட்டுக்குப் போய்ப் பையை அடுக்க நேரமிருந்தது. அடுக்கினால் நிறுத்துப் பார்ப்பேன் என்று பயமாக இருந்தது. அம்மாவுக்குப் போன் செய்தேன். தலையணையைப் பார்த்தபோதே இது தனக்குத் தோன்றியது என்றாள். எது தோன்றியது என்று சொல்லவில்லை. கைப்பையும் டைரியுமாக அப்படியே பேருந்தில் ஏறிக் கடைசி நிறுத்தம் வரை போனேன்.

அக்கா முக்காலியை விரித்துப் பங்க் நிழலில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. என் கைப்பையை வாங்கி ஒரு விரலில் மாட்டித் தூக்கிப் பார்த்தாள். இதற்குள் எத்தனை தொட்டி இருக்கிறது என்று கேட்டாள். ஒன்றும் இல்லை, பேனா, சாவி, கைக்குட்டை, டைரி என்றேன். மாற்றுத் துணி? அவளுடையதைப் போட்டுக்கொள்கிறேன். பிரஷ்? நான் எதிரில் இருந்த தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தேன். என் பாதிப் பிரஷ் தன் பெட்டியிலேயேதான் கிடப்பதாகவும், எடுத்து வெளியே போட மறந்துவிட்டதாகவும் சொன்னாள்.

எனக்கு ஹெல்மெட் இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவள் பின்னிருக்கைக் கட்டை அவிழ்த்தாள். காலையில் துணி சுற்றியிருந்த அந்த உருண்டை என் ஹெல்மெட். அதற்குள் காது உடைந்த மக் இருந்தது.

“மக் உடையாம இருக்கட்டும்னு எடுத்தேன்” என்றாள். அவள் என்னைப் பார்க்காமல் சொன்னதால் நானும் மேலே கேட்கவில்லை.

முக்காலியையும் மக்கையும் பங்கில் இருந்தவரிடம் கொடுத்தோம். முக்காலியில் அவர் உடனே உட்கார்ந்துவிட்டார். தலையணையை மட்டும் அக்கா தர மறுத்தாள். இரண்டு கிலோ இடம் இருக்கிறதென்று நானே சொன்னேனாம். அது எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தது.

சுருளை மூன்றாம் நாளிலிருந்து முதல் நாளுக்குத் திருப்பினேன். இந்த பங்க் அதில் எங்கும் இல்லை. பேனாவால் ஓரத்தில் ஒரு வட்டம் போட்டேன். பக்கத்தில் நேரம் எழுதினேன்: ஒன்று பதினைந்து. திட்டத்தைவிட எவ்வளவு தாமதம் என்று கணக்கிடத் தொடங்கியபோது அக்கா கிக்கரை உதைத்தாள். பேனாவைப் பையில் போட்டுவிட்டு, அவள் வலது தோளில் ஒரு தட்டுத் தட்டினேன்.